உச்சியில் மாட்டிய சென்சார்

மார்ச் 4, திங்கள்

பம்ப் அறையில் புது மீட்டர். குழாயை வெட்ட வேண்டாம். இரண்டு சென்சாரை வெளியே பட்டை போட்டு இறுக்கினால், ஒலி உள்ளே போய் வந்து தண்ணீரின் ஓட்டத்தைச் சொல்லிவிடும். பெயிண்டைச் சுரண்டி, உப்புத்தாள் தேய்த்து, பசை தடவுவதற்குள் இடுப்பு கழன்றுவிட்டது. பக்கவாட்டில்தான் மாட்ட வேண்டும். உச்சியில் காற்று தங்கும், அளவு கெடும். ஆனால் சுவருக்கும் குழாய்க்கும் நடுவே கை நுழையவில்லை. எட்டடி தள்ளி இடம் இருந்தது. மறுபடி சுரண்ட வேண்டும்.

"மேலயே மாட்டுய்யா, போட்டோ அனுப்பணும்" என்றார் இன்ஜினியர். மாட்டினேன். எனக்கும் வீட்டுக்குப் போனால் போதும் என்றிருந்தது.

பம்ப் ஓட்டுகிறவர் அத்தான், அக்காவின் வீட்டுக்காரர். "இனிமே என்னை யாரும் நம்ப வேண்டாம், இதையே நம்பிக்கலாம்" என்று சிரித்தார்.

மார்ச் 13

தினமும் மத்தியானம் இரண்டு மணிக்கு ஓட்டம் பூஜ்யமாகிறதாம். பம்ப் ஓடியதாக அத்தான் பதிவேட்டில் எழுதியிருக்கிறார். "நிறுத்திட்டுத் தூங்குறார், ஓடுச்சுன்னு பொய் எழுதுறார்" என்கிறார் இன்ஜினியர்.

எனக்கு உடனே விளங்கிவிட்டது. அந்த நேரத்தில் பம்ப் உறிஞ்சும் தொட்டியில் தண்ணீர் மட்டம் இறங்கும். பம்ப் காற்றையும் சேர்த்து இழுக்கும். காற்று உச்சியில்தான் நிற்கும், என் சென்சாருக்கு நேர் கீழே. சொன்னேனா? நாளைக்குச் சொல்லலாம்.

மார்ச் 14

சொல்லவில்லை.

மார்ச் 18

அத்தானை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். பத்தொன்பது வருஷம் உழைத்த மனுஷனை வாசலில் நிற்க வைத்துப் பையைச் சோதித்தார்களாம். நீயெல்லாம் என்ன ஜென்மம்டா? வாயில என்ன, கொழுக்கட்டையா இருந்துச்சு?

மார்ச் 20

இன்றுதான் சேர்ந்த புது ஆள் சாப்பிடப் போன நேரத்தில் சென்சாரைக் கழற்றி, எட்டடி தள்ளிப் பக்கவாட்டில் மாட்டினேன். இரண்டு மணி ஆயிற்று, இரண்டரை ஆயிற்று, எண் இறங்கவேயில்லை. இந்த ஆதாரத்தோடு இன்ஜினியரிடம் போய் நிற்கப் போகிறேன். நாளையும் ஒரு நாள் பார்த்துவிட்டு.

மார்ச் 22

நான் போவதற்குள் அவரே கூப்பிட்டார். எல்லார் முன்னாலும் முதுகில் தட்டினார். "பாத்தீங்களா? ஆளை மாத்தினோம், தண்ணி ஒழுங்கா வருது. இவன் மாட்டின மீட்டர் பிடிச்ச திருடன்!" மற்ற பம்ப் அறைகளிலும் நானே மாட்ட வேண்டுமாம்.

"சார், அதுல ஒரு விஷயம்..." என்று ஆரம்பித்தேன். "சம்பளம்தானே? பேசிக்கலாம்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். தூ!

ஏப்ரல் 7, ஞாயிறு

அக்கா வீட்டுக்குப் போனேன். அக்கா 'வா' என்றுகூடச் சொல்லவில்லை. அத்தான்தான் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பல நாள் தாடி. குரலை இறக்கிக் கேட்டார்: "மச்சான், அந்த மெஷினுக்கு என் மேல என்ன விரோதம், பொய் சொல்றதுக்கு? சாப்பிட்டதும் எனக்குக் கண்ணு சொக்கும்தான். ஒருவேளை... எனக்கே தெரியாம நிறுத்திட்டுத் தூங்கியிருப்பேனோ?"

"இருக்கலாம் அத்தான்" என்றேன்.