அப்பாவுக்குக் கேட்காத குருவி

வேப்பம்பட்டு,
டிசம்பர் 14

அன்பு மகள் அகல்யாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. நீயும் மாப்பிள்ளையும் அந்தக் குளிரில் சளி, காய்ச்சல் என்று படுக்காமல் நன்றாக இருக்க வேண்டும் என்று தினமும் விளக்கேற்றும்போது வேண்டிக்கொள்கிறேன். இங்கே நான் நன்றாக இருக்கிறேன். அப்பாவும் அப்படியே என்று எழுதத்தான் ஆசை, பொய் எழுதக் கை வரவில்லை. இந்தக் காலத்தில் போய்க் கடிதமா என்று நீ சிரிப்பாய், எனக்கு வேறு வழியில்லை. அவருக்குக் காது மந்தம் என்பதால் நம் வீட்டில் போன் என்றாலே ஸ்பீக்கர்தான், பக்கத்திலேயே உட்கார்ந்து கேட்பார். வாட்ஸ்அப்பில் எழுதலாம் என்றால் அவர் போன் கெட்டுப்போனதிலிருந்து என் போன்தான் அவர் கையில். அதனால்தான் பக்கத்து வீட்டு சபீனாவின் மகன் டப்ளினுக்குத் திரும்பும்போது எலுமிச்சை ஊறுகாயோடு இதையும் கொடுத்தனுப்புகிறேன். ஊறுகாயை மாப்பிள்ளைக்குக் கொடு, இதை நீ தனியாக உட்கார்ந்து படி.

போன் கை தவறி ஏரியில் விழுந்துவிட்டது என்று உன்னிடம் சொன்னாரே, போன் மட்டும் விழவில்லை அகலு, அவரும் விழுந்தார். உனக்குத் தெரிந்த கதைதான், அம்பத்தூரில் பிரஸ் மெஷின் சத்தத்திலேயே காலம் தள்ளிக் காதைத் தொலைத்த மனுஷன், ரிட்டையர் ஆனதும் கோயில் குளம் என்று போவார் என்று நினைத்தேன். குளத்துக்குத்தான் போகிறார், கோயிலுக்கு இல்லை. நீ வாங்கி அனுப்பின பைனாகுலரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு அவரும் அவர்கூட வேலை பார்த்த தங்கராஜும் ஞாயிற்றுக்கிழமை விடிவதற்குள் கிளம்பிவிடுகிறார்கள், ஐடியில் வேலை பார்க்கும் ஜஸ்டின் என்ற பையனும் கூட. ஜனவரி பிறந்ததிலிருந்து டிசம்பர் முடிய யார் அதிக வகைப் பறவை பார்த்தார்கள் என்று போட்டி. ஜெயித்தவருக்கு நூறு ரூபாய்க்குக்கூடத் தேறாத ஒரு பழைய தொப்பி, அதை வருஷம் பூராவும் தலையில் வைத்துக்கொண்டு திரியலாம். தோற்றவர்கள் கரையான்சாவடியில் டிபன் வாங்கித்தர வேண்டும். போன வருஷமும் அதற்கு முந்தின வருஷமும் தொப்பி தங்கராஜ் தலையில். ஒரு பறவையை ஒருவர் மட்டும் பார்த்தால் செல்லாதாம், கூட வந்தவர் ஒருவராவது பார்க்க வேண்டுமாம். மற்ற இரண்டு பேருக்கும் காது பழுதில்லை, சத்தத்தை வைத்தே எந்தப் புதரில் என்ன இருக்கிறது என்று கரையில் நின்றபடி கண்டுபிடித்துவிடுகிறார்கள். உன் அப்பாவுக்குக் கண் மட்டும்தான், கிட்டப் போனால்தான் உண்டு. வினையே அதில்தான்.

போன மாதம் பெருமழை விட்ட ஞாயிற்றுக்கிழமை ஜஸ்டினுக்கு ஆபீஸ் வேலை என்று இவரும் தங்கராஜும் மட்டும் நம் ஊருக்குப் பின்னால் இருக்கிற ஏரிக்குப் போனார்கள். ஏரி ரொம்பி நின்றது. கோடையில் லாரி லாரியாக மண் அள்ளிக்கொண்டு போனார்களே, அந்தப் பள்ளமெல்லாம் இப்போது தண்ணீருக்கு அடியில், மேலே பார்த்தால் முழங்கால் ஆழம் மாதிரிதான் தெரியும். தங்கராஜ் கரையின் அந்தக் கோடிக்குப் போயிருக்கிறார். இவர் சம்புப் புல்லுக்குள் செங்குருகு ஒன்று அசைவதைப் பார்த்திருக்கிறார். அது கொக்கு ஜாதி, செங்கல் நிறம், புல்லோடு புல்லாக ஒளிந்து நிற்குமாம், இந்த வருஷம் இவருக்கு அகப்படாத பறவை. செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு இறங்கிவிட்டார். நாலு எட்டு வைப்பதற்குள் பள்ளத்தில் கால் போய் மார் வரைக்கும் சேற்றில் மாட்டிக்கொண்டார். கத்தியிருந்தால் தங்கராஜ் ஓடி வந்திருப்பார். இவர் கத்தவில்லை. கத்தினால் குருகு பறந்துவிடும், தங்கராஜும் பார்க்காவிட்டால் கணக்கில் சேராது, அதனால் சேறு இழுக்க இழுக்க வாயை மூடிக்கொண்டு நின்றிருக்கிறார் உன்னைப் பெற்ற அப்பா.

தங்கராஜ் தற்செயலாகத் திரும்பிப் பார்க்கவில்லை என்றால் இந்தக் கடிதத்தை நான் எப்படி எழுதியிருப்பேனோ. நான் இங்கே போன் மேல் போன் போட்டுக்கொண்டிருந்தேன். இவருடையது ஸ்விட்ச் ஆஃப் என்று வந்தது. ஏரிக்கரையில் போனை சைலண்டில் போட வேண்டும் என்பதும் அவர்கள் சட்டமாம், அதனால் தங்கராஜும் எடுக்கவில்லை. இரண்டு பேரும் தலையிலிருந்து கால்வரை சேறாக வாசலில் வந்து நின்றபோது தங்கராஜ் அழுதேவிட்டார். யக்கா, இன்னா மன்சன்கா இவரு, கய்த்து வரிக்கும் சேத்துல நின்னுகினு, குருவி கீது சத்தம் போடாதன்னு எனக்கு சைகை காட்றாருக்கா என்றார். அவர் ஓடின ஓட்டத்தில் குருகு பறந்துவிட்டது. பரவால்ல, நானும் பாத்தேன்னு போட்டுக்க நைனா என்று தங்கராஜே சொல்லியும் இவர் ஒப்பவில்லை, நீ தான் பாக்கலியே, அப்பால இன்னாத்துக்கு என்று சொல்லிவிட்டார். அரிச்சந்திரனுக்குப் பக்கத்து வீடு. ஆக தங்கராஜ் இன்னும் ஒரு பறவை முன்னால் நிற்கிறார்.

சேற்றுக்குள் கிடந்த பாட்டில் துண்டு கட்டைவிரலுக்குக் கீழே ஆழமாக வெட்டிவிட்டது. சர்க்கரைக்காரர் கால், உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, புண் மூடுகிற வரைக்கும் அந்தக் காலில் தண்ணீர் படக்கூடாது, நடக்கவும் கூடாது, உள்ளே சீழ் வைத்தால் விரலை எடுக்க வேண்டி வரும், அதோடு நிற்கும் என்றும் சொல்ல முடியாது என்றார். அப்பாவிடம் இதில் பாதியைத்தான் சொன்னேன். உன்னிடம் சொல்லக்கூடாது என்று என் தலையில் கை வைத்துச் சத்தியம் வாங்கியிருக்கிறார், என் தலைக்கு என்ன வந்தாலும் வரட்டும். தினமும் கட்டுப் பிரிக்கும்போது முதலில் முகர்ந்து பார்க்கிறேன், நாற்றம் வருகிறதா என்று. பிறகு ராத்திரியெல்லாம் நாறுகிற மாதிரியே இருக்கிறது. ஆனால் அவர் என்ன செய்கிறார் தெரியுமா, காலில் பிளாஸ்டிக் கவரைக் கட்டிக்கொண்டு பூட்ஸ் போட்டால் போகலாமா என்று ஜஸ்டினுக்கு என் போனிலேயே கேட்டு அனுப்பியிருக்கிறார். ஆடின காலும் பாடின வாயும் சும்மா இராது என்பது சரிதான். அந்தப் பையனுக்குக் கொஞ்சம் புத்தி இருக்கிறது, வேணாம் அங்கிள் என்று பதில் போட்டிருந்தான்.

இனிமேல்தான் முக்கியமான விஷயம். நம் சமையலறை ஜன்னலுக்குப் பின்னால் ஒரு காலி மனை கிடக்கிறதே, புங்க மரமும் நொச்சிப் புதருமாக, அங்கே பத்து நாளாகச் சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்தில் யாரோ இரண்டு தரம் விசில் அடிக்கிற மாதிரி ஒரு சத்தம். முதலில் வாட்ச்மேன் என்று நினைத்தேன். முந்தாநாள் எட்டிப் பார்த்தால் சருகுக்குள் குட்டை வாலோடு ஒரு குருவி தத்திக்கொண்டிருக்கிறது, முதுகு பச்சை, தோளில் நீலம், வயிற்றடியில் குங்குமச் சிவப்பு, கண்ணுக்கு மை இழுத்த மாதிரி கறுப்புக் கோடு. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பீரோக் கதவில் அவர் படம் ஒட்டி வைத்திருக்கிறாரே, ஆறுமணிக் குருவி, அதேதான். மூன்று வருஷமாக இதற்காக அவர் போகாத தோப்பில்லை. சத்தத்தைக் கேட்டுத்தான் பிடிக்க முடியும், எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை என்பார். அது நம் புழக்கடையில் வந்து கூப்பிடுகிறது, அவர் கூடத்தில் முக்காலியில் காலை நீட்டிக்கொண்டு டிவி பார்க்கிறார், அவருக்குக் கேட்கவில்லை.

நான் சொல்லவில்லை அகலு. சொன்னால் ஜஸ்டினைக் கூப்பிட்டுக் காட்டுவார், தங்கராஜுக்குச் சமமாகிவிடும். சமமானால் சும்மா இருப்பாரா, இன்னும் ஒன்றே ஒன்று கிடைத்தால் தொப்பி என்று அந்தக் காலோடு செங்குருகைத் தேடி அதே ஏரியில் இறங்குவார். இறங்கமாட்டார் என்று உன்னால் சொல்ல முடியுமா? வருஷம் முடியட்டும், ஜனவரி பிறந்ததும் நானே கையைப் பிடித்து ஜன்னலுக்கு அழைத்துப்போய்க் காட்டிவிடலாம் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். அப்புறம்தான் உறைத்தது, ஜனவரி பிறந்தால் எல்லாருக்கும் பூஜ்யத்திலிருந்து ஆரம்பம், மறுபடியும் ஒவ்வொன்றாகத் தேட வேண்டும். இந்தப் பயத்துக்கு டிசம்பர் கிடையாது. அந்தக் குருவி போய்விட்டால் இத்தனை ஆசைப்பட்ட மனுஷனுக்குக் காட்டாமல் விட்டோமே என்று என் மனசு ஆறாது, போகாமல் இருந்தாலோ எப்போது அவர் கண்ணில் படுமோ என்று பயம். விளக்கு வைக்கிற நேரம் வந்தால் டிவி சத்தத்தைக் கூட்டி வைக்கிறேன், அவருக்குக் கேட்காது என்று தெரிந்தும்.

உன்னால் ஒரு உபகாரம் ஆக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பேசும்போது முதல் பேச்சாக எத்தனை ஆச்சுப்பா என்று கேட்கிறாய் அல்லவா, நீ ஆசையாகத்தான் கேட்கிறாய், அதைக் கேட்டால் அவர் முகம் பூரிக்கிறது, மறுநாளே கிளம்பத் துடிக்கிறார். கொஞ்ச நாளைக்கு அதைக் கேட்காதே. வேறு எதையாவது கேள், உன் ஊர்ப் பறவையைப் பற்றிச் சொல்லு. கால் விஷயம் தெரிந்த மாதிரிக் காட்டிக்கொள்ளாதே. நீ எண்ணெய் தேய்த்துக் குளி, ராத்திரி சாக்ஸ் போட்டுக்கொண்டு தூங்கு, மாப்பிள்ளையிடம் கோபித்துக்கொள்ளாதே. நீங்கள் இரண்டு பேரும் ஒரு குறையும் இல்லாமல் நீடூழி வாழ எங்கள் ஆசீர்வாதம். படித்ததும் கிழித்துப் போட்டுவிடு.

இப்படிக்கு,
உன் அம்மா
நாகவல்லி

பி.கு. ஒட்டுவதற்குள் இதையும் எழுதிவிடுகிறேன். இப்போதுதான் கரண்ட் போய் டிவி நின்றது. அது கூப்பிட்டது. அப்பா கூடத்திலிருந்து, நாகு, ஏதோ விசில் கேக்கற மாதிரி இல்ல என்றார். குக்கர் என்று சொல்லிவிட்டேன். அடுப்பை இன்னும் பற்றவைக்கவே இல்லை. இப்போது சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கிற சத்தம் கேட்கிறது.