பால்புட்டிப் பைக்குப் புது ஜிப்

அன்புள்ள அக்கா,

இன்று காலை சயானில் பை தைக்கும் கடை ஒன்றுக்குள் நுழைந்தேன். தோல் வாசனை மூக்கில் ஏறியதும் நீங்கள் பக்கத்தில் வந்து நின்றதுபோல் இருந்தது. கடைக்காரர் நான் கொடுத்த பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இதற்கு ஜிப் மாற்றுவதைவிடப் புதிதாகவே ஒன்று வாங்கலாமே என்றார். எனக்குக் கோபம் வந்தது. மாற்றித் தர முடியுமா முடியாதா என்று மட்டும் கேட்டேன். தாராவியில் உங்கள் வீட்டுக்காரரின் பட்டறையில், வெட்டி மிச்சமான தோலில் என் மகளின் பால்புட்டிக்கென்று நீங்கள் தைத்துக் கொடுத்த பை அது. அந்த மகள் நாளை தன் கைக்குழந்தையோடு ரயிலேறுகிறாள். நீங்கள் இறந்த செய்தியை உங்கள் பிள்ளை போனில் சொல்லி இந்த மழைக்காலம்கூட இன்னும் முடியவில்லை.

எண்பதுகளின் நடுவில், வீடு மலிவு என்று பம்பாய்க்கு வெளியே டோம்பிவிலிக்குப் போனவர்களில் நானும் ஒருத்தி. பிரசவ விடுப்பு முடிந்ததும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு காலை ரயிலில் வருவேன். மாட்டுங்காவில் இறங்கி அம்மா வீட்டில் விட்டுவிட்டு அடுத்த வண்டியில் ஆபீஸுக்கு ஓட வேண்டும். டோம்பிவிலியில் என்னோடு ஏறும் நீங்கள் பட்டறைக்குப் போவதற்காக அதற்கு முந்தைய நிலையமான சயானில் இறங்குவீர்கள். லேடீஸ் டப்பா என்கிற பெண்கள் பெட்டியில் யாருக்கு இடம் கிடைக்கிறதோ அவர் மடிக்குக் குழந்தை போய்விடும், அதுதான் அங்கே வழக்கம். உங்களுக்குத்தான் எப்போதும் இடம் கிடைக்கும். அத்தனை பேரையும் முழங்கையால் ஒதுக்கி நீங்கள் ஜன்னலோரம் பிடிக்கும் அழகைப் பார்க்க வேண்டுமே. இடம் பிடித்ததும் கையை நீட்டுவீர்கள், முதலில் பிள்ளைக்கு, அடுத்து பால்புட்டிப் பைக்கு. பை என்னிடமே இருக்கட்டும் என்றால் விடமாட்டீர்கள். மடியில் குழந்தை இருக்கும்வரை பை உங்கள் தோளில்தான். டிக்கெட் செக்கரைவிட நீங்கள் மோசம் என்று கேலி செய்வேன். சிரிப்பீர்கள், ஆனால் பையைத் தரமாட்டீர்கள்.

ஒருநாள் குர்லா தாண்டி வண்டி நின்றுகொண்டிருந்தபோது காரணத்தைச் சொன்னீர்கள். நீங்கள் சிறுமியாக இருந்தபோது திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து குடும்பத்தோடு பம்பாய் வந்து இறங்கிய நாள். பால்குடி மாறாத உங்கள் தம்பி சித்தியின் இடுப்பில். கூட்டத்தில் அம்மா ஒரு பக்கம், சித்தி ஒரு பக்கம் பிரிந்துவிட்டார்கள். அம்மா சித்தியைத் தேடி நடக்க, சித்தி அம்மாவைத் தேடி நடக்க, ஒரே நிலையத்துக்குள் ஒருவரையொருவர் தாண்டித் தாண்டிப் போயிருக்கிறார்கள். சாயங்காலம்தான் சேர்ந்தார்கள். வெயிலில் பால் இல்லாமல் துவண்டுபோன தம்பி பிழைக்கவில்லை. சொல்லும்போது நீங்கள் அழவில்லை. என் மகளின் குல்லாவைச் சரிசெய்துகொண்டே சொன்னீர்கள்:

"பிரிஞ்சிட்டா, பிள்ளய வச்சிருக்கவ நின்ன எடத்த விட்டு நவரக் கூடாது, கேட்டியா. தேடுதவதான் வரணும். ரெண்டு பேரும் தேடுனா ரெண்டு பேரும் தொலஞ்சாப்லதான்."

வழக்கமாக மாட்டுங்காவில் நம் டப்பா நிற்கும் இடத்தில் அப்பா காத்திருப்பார். குழந்தையை அவர் கையில் கொடுத்துவிட்டு இறங்குவேன். ஒரு மழை நாளில் அப்பாவுக்குக் காய்ச்சல். நீங்கள் சயானில் இறங்காமல், மாட்டுங்கா வரைக்கும் வருகிறேன் என்று என்னோடு வந்தீர்கள். முந்தைய வண்டிகள் ரத்தாகியிருந்ததால் பிளாட்பாரம் பிதுங்கியது. குழந்தையோடு நீங்கள் முதலில் இறங்கினீர்கள். பின்னாலேயே நான் கால் வைப்பதற்குள் ஏறுகிற கூட்டம் என்னை உள்ளே தள்ளிவிட்டது. வண்டி நகர்ந்தது. குதிக்கப்போன என்னை ஒரு மராத்திக்காரப் பெண் இடுப்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். அவள் கையைக் கடித்தேன் அக்கா. அப்படியும் அவள் விடவில்லை.

அடுத்த நிலையமான தாதரில் இறங்கினால் திரும்பிப் போக வண்டி இல்லை. தண்டவாளத்தில் தண்ணீர். டாக்ஸியும் இல்லை. ரோட்டில் ஓடினேன், முழங்கால் தண்ணீரில் நடந்தேன். உங்களை எனக்கு ரயிலில் மட்டும்தான் தெரியும். டோம்பிவிலியில் எந்தத் தெரு, எந்த வீடு என்று தெரியாது. என் அம்மா வீடு எங்கே என்று உங்களுக்கும் தெரியாது. நல்லது செய்வதாக நினைத்து என்னைத் தேடித் தாதருக்குக் கிளம்பியிருந்தால்? யாராவது பேச்சைக் கேட்டுப் போலீஸ் சௌக்கிக்குப் போயிருந்தால்? அந்தத் தண்ணீரில் நடக்க நடக்க நீங்கள் சொன்ன வார்த்தை ஒன்றைத்தான் பிடித்துக்கொண்டிருந்தேன். தேடுகிறவள்தான் வரவேண்டும்.

நீங்கள் அங்கேயே நின்றுகொண்டிருந்தீர்கள். அந்த இடத்தில் மேலே கூரை இல்லை. மேலே போர்த்திவரும் உங்கள் வெள்ளைத் துப்பட்டியை நாலாக மடித்துக் குழந்தையைச் சுற்றி, அதன்மேல் குடையைப் பிடித்திருந்தீர்கள். குழந்தை காய்ந்த துணிக்குள் வயிறு நிறைந்து தூங்கிக்கொண்டிருந்தாள். தோளில் தொங்கிய பையில் புட்டி காலியாக இருந்தது. உங்கள் தலைமுடியிலிருந்து தண்ணீர் சொட்டியது, உதடு நீலம் பாரித்திருந்தது. கூரைக்கு அடியிலாவது நிற்கப்படாதா அக்கா என்று அழுதுகொண்டே கேட்டேன்.

"அங்கன நின்னா, நீ வந்து இங்கனதான பாப்ப?" என்றீர்கள்.

அன்று குழந்தையை உங்களிடமிருந்து வாங்க எனக்குக் கை வரவில்லை. உங்களையும் சேர்த்துத்தான் கட்டிக்கொண்டேன். கூட்டம் நம் இருவரையும் இடித்துக்கொண்டு போனது.

இதையெல்லாம் என் மகளிடம் நூறு தடவை சொல்லியிருக்கிறேன். போன் இருக்கும்போது எதற்கம்மா இதெல்லாம் என்று சிரிப்பாள். சார்ஜ் தீர்ந்தால் என்ன செய்வாய் என்பேன். இன்று ஜிப் மாற்றிய பையைக் கொடுத்தபோது அவள் சிரிக்கவில்லை. குழந்தையை ஒரு கையில் மாற்றிக்கொண்டு, கேட்காமலேயே பையைத் தன் தோளில் மாட்டிக்கொண்டாள். ரயிலில் பையை மாப்பிள்ளை எடுத்துக்கொள்வாரே என்று வேண்டுமென்றே சொல்லிப் பார்த்தேன். பிள்ளையை வாங்கினால் பையையும் சேர்த்து வாங்கட்டும் என்றாள். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

உங்கள் பிள்ளை போன் செய்தபோது அடக்கம் முடிந்திருந்தது. கடைசியாக ஒருமுறை உங்கள் முகத்தைப் பார்க்க எனக்குக் கொடுத்துவைக்கவில்லை. இந்தக் கூட்டத்தில் மறுபடியும் நீங்கள் முதலில் இறங்கிவிட்டீர்கள், நான் வண்டிக்குள் மாட்டிக்கொண்டேன். பரவாயில்லை. நின்ற இடத்தை விட்டு நகராதீர்கள் அக்கா. தேடுகிறவள் நான். வந்துவிடுகிறேன்.