கோட்டுப் பையில் மூன்று மணி நேரம்

இன்று காலை இயந்திரத்தில் சுழற்றி எடுத்த ரத்த மாதிரிக் குழாய் ஒன்றில், மேலே பிரிந்து நிற்கும் சீரம் இளஞ்சிவப்பாக இருந்தது. வைக்கோல் நிறத்தில் இருக்க வேண்டியது. கெட்டுப்போனது என்று எழுதித் தூக்கிப் போட வேண்டும். கை வரவில்லை. உன் ஞாபகம் வந்து அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

தாராவியில் ஒரே சந்தில் வளர்ந்தவர்கள் நாம். நீ தோல் பை தைக்கப் போனாய், நான் புற்றுநோய் ஆஸ்பத்திரி ஆய்வுக்கூடத்துக்குப் போனேன். உன் தொடையில் கட்டி வந்தபோது, மெஷின் மிதித்து வந்த வீக்கம் என்று சந்தே சொன்னது. தசையில் வளர்ந்த புற்று அது. அறுத்து, புண் ஆறியதும் மறுபடி மெஷினில் போய் உட்கார்ந்தாய். அடங்குகிற ஆளா நீ?

ரத்தத்தில் மைக்ரோ ஆர்என்ஏ என்று நுண்ணிய துணுக்குகள் மிதக்கின்றன. இந்த வகைப் புற்று திரும்புவதை ஸ்கேனுக்கு முன்பே அவை காட்டிக்கொடுக்குமா, அவற்றையே அடக்கி மருந்து செய்ய முடியுமா என்றுதான் நாங்கள் தேடுகிறோம். உனக்கும் அது திரும்பி வந்தபோது, மருந்து ஏற்றுவதற்கு முன் ரத்தம் கேட்டேன். கையை நீட்டினாய்.

"எடுட்டி. எனக்கு உதவலன்னாலும் பொறவு வாறவளுக்கு உதவட்டும்."

குழாயைக் கோட்டுப் பையில் போட்டபோதே டாக்டர் கூப்பிட்டார். நுரையீரலுக்கும் பரவிவிட்டது என்றார். வெளியே பெஞ்சில் என் கையைப் பிடித்துக்கொண்டாய். "போவாதட்டி. இங்கனயே இரு." மூன்று மணி நேரம் இருந்தேன். குழாய் நினைவே இல்லை.

உடனே சுழற்றிப் பிரிக்காததால் சிவப்பணுக்கள் உடைந்து அவற்றின் துணுக்குகளும் சீரத்தில் கலந்துவிட்டன. எதையும் படிக்க முடியாது. நான் அதைப் பார்த்தபோது உனக்கு மருந்து ஏறத் தொடங்கியிருந்தது. மருந்துக்கு முந்தைய ரத்தத்தை மறுபடி எடுக்க வழியில்லை.

பார்க்கும்போதெல்லாம் கேட்பாய்: "என் ரத்தம் என்ன சொல்லுது?"

"நல்லா வந்திருக்கு. ரிப்போர்ட்தான் லேட்டாவும்."

பக்கத்துக் கட்டில்காரியிடம் பெருமையடிப்பாய்: "நாந்தான் லீவு. என் ரத்தம் டூட்டில இருக்கு." அந்த நம்பிக்கையோடே போய்விட்டாய். நான் கடைசிவரை வாயைத் திறக்கவில்லை.

இப்போதெல்லாம் ரத்தம் எடுத்த கையோடு ஓடுகிறேன். யார் அழுதாலும் நிற்பதில்லை, கல்நெஞ்சக்காரி என்று பேர். அன்றும் உன் கையை உதறிவிட்டு ஓடியிருக்கலாம். எத்தனை முறை அந்தப் பெஞ்சுக்குத் திரும்பிப் போனாலும், என்னால் உதற முடியவில்லையடி.