பிரிந்து வாழ்வதாக

மட்டாஞ்சேரி,
5 ஜனவரி 2025

சௌபாக்கியவதி விசாலாக்ஷிக்கு,

அநேக ஆசீர்வாதம். போனில் பேசினால் ஹரி ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறான். மகன் முன்னால் மனைவியைப் பாராட்ட எனக்குக் கூச்சம், அதனால்தான் தபால். இந்த வயதில், முழங்கால் வலியோடு கனடாவுக்குப் பறந்து போய், ஹரியும் தன்யாவும் வேலைக்குப் போக, குழந்தையோடு நாள் முழுக்க நிற்கிறாய். நீ இல்லையென்றால் அவர்கள் அங்கே ஊன்றியிருக்க முடியாது. நான் உனக்கு எந்த விதத்திலும் ஈடில்லை.

"நான் முன்னாடி போய் உங்களுக்கும் ஒரு ரூம் ஒழிச்சு வைக்கறேன்" என்று ஏர்போர்ட்டில் சொன்னாயே, அதை நம்பி ஒரு கம்பளிச் சட்டை வாங்கினேன். அளவு சரிதானா என்று சந்தேகமாக இருக்கிறது.

உன்,
வெங்கிடராமன்

பிராம்ப்டன்,
27 ஜனவரி

நமஸ்காரம்.

உங்கள் கடிதத்தைக் குளியலறையில் வைத்துப் படித்தேன். அவ்வளவு புகழ வேண்டாம். இங்கே பனி இடுப்பளவு, உங்களுக்கு ஆகாது. இடப்பள்ளி விசா ஏஜென்ட் ஆபீஸிலிருந்து கூப்பிட்டால் போய், காட்டின இடத்தில் கையெழுத்துப் போட்டுவிடுங்கள். வாசித்துக்கொண்டு நிற்க வேண்டாம். சர்க்கரை மாத்திரை மறக்காதீர்கள்.

விசாலாக்ஷி

மட்டாஞ்சேரி,
17 பிப்ரவரி

சௌபாக்கியவதி விசாலாக்ஷிக்கு,

ஆசீர்வாதம். ஏஜென்ட் ஆபீஸில் ஸ்நேஹா என்ற பெண் ஒரு காகிதத்தை நீட்டி, "ஸாரே, இவிடெ ஒரு ஒப்பு மதி" என்றாள். ஒரு கையெழுத்துப் போதுமாம். நீ சொன்னபடி வாசிக்காமல் போடத்தான் பேனாவைத் திறந்தேன். வாசித்துப் பார்க்கிற பழக்கம் விடவில்லை. நாம் இருவரும் ஆறு வருடமாகப் பிரிந்து வாழ்வதாக அதில் இருக்கிறது. கீழே உன் கையெழுத்து. தேதி, போன ஆகஸ்ட் பதினேழு. அன்று எனக்குக் கண் ஆபரேஷன் கழிந்து, நான்கு மணிக்கொருதரம் நீதான் சொட்டு மருந்து விட்டாய்.

கையெழுத்துப் போடாமல் வந்துவிட்டேன். ஆபீஸில் தவறாக அச்சடித்துவிட்டார்களோ? நான் தப்பாகப் புரிந்துகொண்டிருந்தால் மன்னித்துக்கொள்.

உன்,
வெங்கிடராமன்

பிராம்ப்டன்,
8 மார்ச்

நமஸ்காரம்.

தவறில்லை. உங்களையும் சேர்த்து விண்ணப்பித்தால் ஹரியின் சம்பளம் போதவில்லை. இப்படி எழுதினால் நான் ஒருத்தி நிரந்தரமாகத் தங்கலாம் என்று ஏஜென்ட் சொன்னான். "அப்பாகிட்ட நானே சொல்லிக்கறேன்" என்று ஹரியிடம் சொன்னேன். நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிவிட்டேன். பொய்யில் நீங்கள் கையெழுத்துப் போட மாட்டீர்களே. ஏர்போர்ட்டில் சொன்னதும் மனதறிந்து சொன்ன பொய்.

ஏப்ரல் பத்துக்குள் அந்தக் காகிதம் வராவிட்டால் நான் திரும்ப வேண்டும், தன்யா வேலையை விட வேண்டும். வெறும் காகிதம்தானே. போட்டுவிடுங்கள்.

விசாலாக்ஷி

மட்டாஞ்சேரி,
28 மார்ச்

விசாலாக்ஷிக்கு,

இன்று காலை இடப்பள்ளிக்குப் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டேன். நீ அங்கேயே இருக்கலாம். ஹரி மேல் எனக்குக் கோபமில்லை. உன் உழைப்பைப் பற்றி எழுதியதில் ஒரு சொல்லையும் நான் மாற்றவில்லை. எனக்கும் அதில் ஒரு பங்கு உண்டு என்று எண்ணியதுதான் பிசகு.

ஆறு வருடம் என்பதை அடித்துவிட்டு இன்றைய தேதியை எழுதலாமா என்று ஸ்நேஹாவைக் கேட்டேன். பற்றாது, மாற்ற முடியாது என்றாள். ஆகவே அந்த ஆறு வருடம் மட்டும் பொய். அதை உனக்காகப் போட்டேன். மற்றது இன்று முதல் உண்மை. இதற்குப் பதில் எழுத வேண்டாம்.

எஸ். வெங்கிடராமன்