பத்திரிகையை விடாத கை

என் வாயாடி மகளுக்கு, உன்னைவிடப் பெரிய வாயாடியான அம்மா எழுதுவது. நான் நலம். போனில் பேசினால் உங்கப்பாவின் காது கதவிடுக்கு வரைக்கும் நீள்கிறது. அதனால்தான் கடிதம்.

அவருக்குப் புதுக் கை வந்துவிட்டது. மரம் அறுக்கும் மெஷின் கொண்டுபோன வலது கைக்குப் பதிலாக, மோட்டார் வைத்த கை. முழங்கைக்குக் கீழே மிச்சமிருக்கும் தசை இறுகினால் விரல்கள் மூடும். விரிப்பதாக நினைத்து மறுபக்கத் தசையை அசைத்தால் திறக்கும். ஆஸ்பத்திரியில் கையைப் பழக்கிவிடுகிற பெண், "எதையாவது இறுக்கிப் பிடிக்கிற மாதிரி நினைச்சுக்குங்க சார்" என்றாள். இவர் மாடி வீட்டுக்காரரின் கழுத்தை நினைத்தாராம். முதல் தடவையே கச்சிதமாக மூடிக்கொண்டது!

ஒரே தொல்லை, கோபம் வந்தாலும் தசை இறுகிக் கை தானாக மூடிக்கொள்கிறது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற மனுஷர் வசமாக மாட்டிக்கொண்டார். நேற்று என் சமையலை "நல்லாத்தான் இருக்கு" என்றார். கையிலிருந்த பிளாஸ்டிக் டம்ளர் நொறுங்கிப்போனது.

விஷயத்துக்கு வருகிறேன். உன் கல்யாணப் பத்திரிகை வந்தது. தன்னை ஒரு வார்த்தை கேட்காமல் நீயே மாப்பிள்ளை பார்த்துக்கொண்டாய் என்ற ஆத்திரம் அவருக்கு இன்னும் ஆறவில்லை. "என் செருப்புகூட அங்க வராது" என்று கத்திவிட்டு, பத்திரிகையைப் புதுக் கையில் எடுத்துக்கொண்டு குப்பைக்கூடைக்குப் போனார்.

கை திறக்கவில்லை. உதறினார், திட்டினார். இன்னும் இறுகியது. கை ரிப்பேர் என்று பத்திரிகையோடேயே அந்தப் பெண்ணிடம் ஓடினார், நானும் பின்னாலேயே ஓடினேன். அவள் கம்ப்யூட்டரில் மாட்டிப் பார்த்துவிட்டு, "கையில ஒரு கோளாறும் இல்ல சார். நீங்கதான் விடமாட்டேங்கறீங்க" என்றாள்.

மனுஷர் சுவர்ப் பக்கம் திரும்பி மூக்கை உறிஞ்சினார். அப்புறம்தான் கை திறந்தது. வழியெல்லாம் தூசி என்று தூசியைத் திட்டிக்கொண்டே வந்தார்.

அவரை விட்டுவிட்டு நான் மட்டும் உன் கல்யாணத்தில் எப்படியடி நிற்பேன்? பத்திரிகை கசங்கிப்போய்விட்டது. இன்னொன்றைத் தபாலில் அனுப்பாதே, நீயே கொண்டுவந்து அவர் கையில் கொடு. மாப்பிள்ளையும் வரட்டும், ஆனால் கைகுலுக்குகிறேன் என்று கிட்டே போகவேண்டாம்.

கொடுக்கும்போது உன் கையையும் சேர்த்துப் பிடித்துக்கொள்வார். வலிக்கும். திறக்க நேரமாகும். பொறுத்துக்கொள், கண்ணு.

நீ நன்றாக இருக்கவேண்டும்.

உன் அம்மா