நான் சொல்லாத பதில்

அன்புள்ள குட்டியின் அப்பாவுக்கு,

நாங்கள் மூவரும் நலம். அத்தைக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. குட்டி கணக்கில் எப்படியோ தப்பித்துவிட்டாள். போனில் பேசாமல் எதற்குக் கடிதம் என்று நினைப்பீர்கள். போனில் எதையாவது கேட்டால் உங்களுக்கு உடனே சிக்னல் போய்விடுகிறது.

ஓட்டலில் மறுபடியும் எனக்குக் கையை விரிக்கப் பார்த்தார்கள். கடற்கரைக் கிளைக்கு ஜெனரல் மேனேஜர் தேடினார்கள். நூற்றிருபது அறைகள், நாற்பது ஆட்கள் என்று பதினான்கு வருடமாக ஹவுஸ்கீப்பிங்கை நான்தான் பார்க்கிறேன். ஆறு மாதத்துக்கு முன் மலைக் கிளைக்கு என்னிடம் வேலை கற்றுக்கொண்டவரை அனுப்பினார்கள். இந்தத் தடவை ரெஸ்டாரன்ட் மேனேஜர் பெயர் அடிபட்டது. அவரை உங்களுக்குத் தெரியும். நாங்கள் ‘சிரிப்பு சார்’ என்போமே, அவர்தான்.

பொறுக்க முடியாமல் எச்.ஆர். மேடத்திடம் நேரே போய்க் கேட்டேன். அவர் என் ஃபைலைத் திறந்து என் பக்கம் திருப்பினார். ‘குடும்பச் சூழ்நிலை காரணமாக வெளியூர் மாற்றலில் விருப்பமில்லை’ என்று டைப் அடித்து, போன வருடத் தேதி போட்டிருந்தது. “நீங்களேதானே மேடம் சொன்னீங்க? அதான் உங்களைத் தொந்தரவு பண்ணல” என்றார். என்னை யாரும் கேட்கவே இல்லை. பிறகு எப்படி நான் பதில் சொல்லியிருப்பேன்?

ஒரு வாரம் சிரிப்பு சாரையே நோட்டம் விட்டேன். என் மேஜைக்குத் தானே டீ எடுத்துக்கொண்டு வருகிறார். நாலு பேர் முன்னால், “மாமியாருக்கு உடம்பு எப்படி மேடம், தனியா சமாளிக்க முடியுதா?” என்று உருகுகிறார். நான் உள்ளே போனால் பேச்சு நின்றுவிடுகிறது. இவர் வேலைதான் என்று முடிவு கட்டி, துணி அடுக்கும் அறையில் அவரை மடக்கினேன். அவர் முகத்திலிருந்து சிரிப்பு போய்விட்டது. “என் மேல ஏன் மேடம் பாயறீங்க? போன வருஷம் லீவுல வந்தப்ப, நம்ம ஓட்டல் ஃபேமிலி லஞ்ச்ல உங்க வீட்டுக்காரர்தான் முதலாளிகிட்ட சொன்னாரு. ‘நானும் வெளிநாட்டுல இருக்கேன் சார், அவ வீட்டை விட்டு எங்கயும் வரமாட்டா’ன்னு. நான் பக்கத்துலதான் நின்னேன்.”

அவரை நான் முழுசாக நம்பவில்லை. இதில் லாபம் அவருக்கு. ஆனால் அன்று நீங்களும் முதலாளியும் தட்டும் கையுமாக ஜன்னலோரம் பத்து நிமிடம் நின்றது எனக்கு ஞாபகம் இருக்கிறது. வரும் வழியில் கேட்டதற்கு, கிரிக்கெட் பற்றிப் பேசினோம் என்றீர்கள். மேட்ச் நாளில் லாபி டிவியையே அணைக்கச் சொல்கிறவர் அவர்.

வீட்டில் அத்தையிடம் மாற்றல் கேட்கப் போகிறேன் என்று மட்டும் சொல்லிப் பார்த்தேன். வெங்காயம் உரித்துக்கொண்டே, “அவன்தான் அன்னிக்கே பேசி முடிச்சிட்டானேம்மா” என்றார். உடனே நாக்கைக் கடித்துக்கொண்டு, “கேஸ் அடுப்பை அணைச்சியா?” என்று சத்தமாகக் கேட்டார்.

மறுநாள் என் கையாலேயே எழுதிக் கொடுத்தேன்: எந்த ஊருக்கும் போகத் தயார், மறுப்பு எதுவும் நான் சொன்னதில்லை. முதலாளி கூப்பிட்டார். “வீட்டுல பிரச்சினை ஒண்ணும் வராதே?” என்றார். “மத்தவங்ககிட்டயும் இதைக் கேட்டீங்களா சார்?” என்றேன். பேனாவைத் திருகிக்கொண்டே, கடற்கரைக் கிளையில் ஆறு மாதம் போட்டுப் பார்க்கலாம் என்றார். ஆணாக இருந்தால் ஆறு மாதம் என்று கெடு வைத்திருப்பாரா? உத்தரவை மூன்று தடவை வரி விடாமல் படித்த பிறகுதான் கையெழுத்துப் போட்டேன்.

ஒன்றாம் தேதி கிளம்புகிறோம். குட்டிக்கு அங்கே பள்ளியில் இடம் கிடைத்துவிட்டது. வரவே மாட்டேன் என்ற அத்தை, அங்கே பார்த்திருக்கும் வீட்டில் மாடிப்படி இருக்கிறதா என்று நேற்று விசாரித்தார்.

மூன்று வருடத்துக்கு முன் நீங்கள் டிக்கெட் வாங்கிய பிறகுதான் என்னிடம் சொன்னீர்கள். நான் பெட்டி அடுக்கிக் கொடுத்தேன். அதைக் குத்திக்காட்ட இந்தக் கடிதம் எழுதவில்லை.

ஒரே ஒரு வரி பதில் போதும். முதலாளியிடம் அப்படிச் சொன்னீர்களா, இல்லையா? இல்லை என்று எழுதினால் நம்பிவிடுவேன். அதற்குப் பிறகு யாரிடமும் விசாரிக்க மாட்டேன். அதனால் தயவுசெய்து, யோசித்து எழுதுங்கள்.

வேளைக்குச் சாப்பிடுங்கள். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி