முதல் கவளம்

ஏப்ரல் 22, செவ்வாய்

மீன்பிடித் தடை ஆரம்பித்து ஒரு வாரம். மகள் ஜெயஸ்ரீயின் பழைய அறிவியல் நோட்டில் எழுதுகிறேன். இன்று போன இடத்தில் தினமும் ரெண்டு வரி எழுதச் சொன்னார்கள். யாருக்குக் காட்டவோ? அஞ்சாவதோடு நின்றவன் எழுத்து. எவன் எடுத்தாலும் படிக்க முடியாது. அதுவே பூட்டு.

ராயபுரத்தில் சர்ச்சுக்குப் பின்னால் ஒரு ஹால். குடியை விட நினைப்பவர்கள் செவ்வாய், சனி சாயங்காலம் கூடுகிறார்கள். பணம் கேட்கவில்லை, ஜெபம் செய்யச் சொல்லவில்லை. பெயர் மட்டும் போதுமாம். ஐஸ்கட்டி கூடச் சும்மா கிடைக்காத ஊரில் இது எப்படி?

கூட்டிப்போனது ஃப்ரெடி. அவன் பெண்டாட்டி சிலுவையம்மாளும் என் வீட்டுக்காரி பச்சையம்மாவும் எம்.கே.பி. நகரில் பக்கத்துப் பக்கத்தில் கருவாடு விற்கிறார்கள். அங்கேதான் எனக்கு இடிக்கிறது.

டீ கொடுத்தார்கள். தொடவில்லை.

"இன்னா தேசப்பா, டீ வாணாமா?" என்றான் ஃப்ரெடி.

"வவுறு சரியில்லபா."

ஏப்ரல் 23

ஏன் தொடவில்லை என்று எழுதிவிடுகிறேன். போன வருஷம் பச்சையம்மா, குடியை நிறுத்தும் பொடி என்று எவனோ விற்றதை வாங்கிச் சுறாப்புட்டில் கலந்துவிட்டாள். அந்தச் சுறா இருக்கிறதே, எங்கள் படகு ஓனர் தன் வீட்டுக்கென்று எடுத்து வைத்தது. கெஞ்சி வாங்கி வந்தேன். பூண்டை உரிக்காமல் தட்டிப் போட்டால் அதன் வாசனையே... சரி, அது கிடக்கட்டும். தின்றுவிட்டுப் போய்க் குடித்தேன். மூஞ்சி தீயாக எரிந்தது. நெஞ்சு அடித்துக்கொண்டது. நாலு நாள் ஆஸ்பத்திரி.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு முறை. என் தட்டிலிருந்து முதல் கவளத்தை அவள் என் கண்ணெதிரே தின்று காட்டணும். பிறகுதான் நான்.

ஏப்ரல் 26, சனி

வலை தைக்கும் இடத்துக்கு ஓனர் எத்திராஜ் வந்தார். மார்ச்சில் போதையில் நான் கயிற்றை விட்டதில் அவர் தம்பியின் கை நசுங்கியிருக்கும், மயிரிழையில் தப்பியது.

"தட முடியறதுக்குள்ள நிறுத்து, ஏறிக்கோ. இல்லாங்காட்டி வேற படகு பாரு. உன்ன எவன் ஏத்துவான்?"

எவனும் ஏற்றமாட்டான். ஹாலுக்குப் போனேன். டீயைத் தொடவில்லை. வெளியே வந்து, குடித்தேன்.

ஏப்ரல் 29

மார்க்கெட்டில் பச்சையம்மாவும் சிலுவையம்மாளும் தலையோடு தலை வைத்துக் குசுகுசு. என்னைப் பார்த்ததும் நின்றுவிட்டது.

மே 3, சனி

அகப்பட்டுக்கினானுங்க!

பக்ருதீன் பாய்தான் ஹாலில் டீ போடுகிறவர். கவனித்துக்கொண்டே இருந்தேன். ஃப்ரெடிக்கு மட்டும் தனியாக ஒரு டம்ளர். அப்படியானால் அதுதானே சுத்தமானது? அவன் திரும்பிய நேரம் டம்ளரை மாற்றி, ஒரே மடக்கு.

கசப்பு!

நான் மாத்துவேன்னு தெரிஞ்சே மாத்தி வச்சிருக்கானுங்க, கலீஜ் பசங்க. செருப்பைக்கூட மாட்டாமல் ஓடிவந்துவிட்டேன். பச்சையம்மாவைக் கேட்கவில்லை. கேட்டால் ஒத்துக்கொள்வாளா?

பொடி உள்ள பூட்ச்சி. இப்ப குடிச்சா செத்துடுவேன்.

மே 6

குடிக்கவில்லை. கை ஆடுகிறது. வேர்த்துக் கொட்டுகிறது. அந்த மாதிரிப் பொடி ரெண்டு வாரம்கூட உடம்பில் நிற்கும் என்று அப்போதே நர்ஸம்மா சொன்னது.

மே 10

கடை வரைக்கும் போய் நின்று திரும்பினேன். பயம்தான். வேறு ஒன்றுமில்லை.

மே 17, சனி

செருப்பை எடுக்கத்தான் போனேன்.

"எங்க நைனா பூட்ட?" என்றான் ஃப்ரெடி. "அன்னிக்கி எவனோ என் டீய மாத்திட்டான். எனக்கு சுகர் ஏறி, வூட்ல சிலுவ என்ன திட்டிக் கிழிச்சிட்டா."

"உன் டீ இன்னா டீ?"

"சக்கர போடாத டீபா. வெறும் கசப்பு. ரெண்டு வருசமா அதான்."

மருந்து கலந்தீரா என்று பாயைக் கேட்டேன். "நான் இன்னா வைத்தியனா? டீத்தூளு, பாலு, அவ்ளோதான்" என்றார் பாய்.

உட்கார்ந்துவிட்டேன். மருந்தே இல்லையென்றால் பதினாலு நாளாக என் கையைப் பிடித்திருந்தது யார்?

பேச என் முறை வந்தபோது டம்ளர் மாற்றியதைச் சொன்னேன். ஹாலே சிரித்தது. ஃப்ரெடிக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கிளம்பும்போது சொன்னான்: "உன் சம்சாரம் சிலுவகிட்ட அயுதுதாம். 'நான் துன்னு காட்டாத சோத்த அவுரு எப்ப துன்னுவாரு'ன்னு."

அதுதான் குசுகுசுவா? இல்லை, இதையும் சொல்லச் சொல்லி அனுப்பினார்களா?

மே 18

டீயில் இல்லை, சரி. சோற்றில்? இன்றும் அவள் தின்று காட்டினாள். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஜூன் 14, சனி

விடிந்தால் கடல். எத்திராஜ் கையை நீட்டச் சொன்னார். நீட்டினேன். ஆடவில்லை.

"ஐஸ் ஏத்து."

படகுக்குப் பூஜை முடிந்ததும் பாட்டில் சுற்றி வந்தது. பக்கத்து ஆளிடம் தள்ளிவிட்டேன். வாசனை இன்னும் மூக்கில் இருக்கிறது. எட்டு நாள் கடல், ஹால் கிடையாது. ஃப்ரெடி நம்பரை நோட்டு அட்டையில் எழுதிக்கொண்டேன்.

மத்தியானம் நெத்திலிக் குழம்பு. பச்சையம்மா வழக்கம்போல என் தட்டில் முதல் கவளம் பிசைந்து எடுத்தாள். வாய்க்குப் போகுமுன் அவள் மணிக்கட்டைப் பிடித்தேன். பயந்துவிட்டாள். அந்தக் கவளத்தை அவள் கையிலிருந்தே வாங்கித் தின்றேன்.

அவள் குனிந்து குழம்புச் சட்டியைக் கிளறினாள். அப்புறம், "உப்பு தூக்கலா கீதா? நான் துன்னு பாக்கல" என்றாள்.

தூக்கல்தான். இன்னொரு கரண்டி ஊற்றச் சொன்னேன்.